13 வயதில் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு: பிள்ளையின் மனதுக்குள் என்ன நடக்கிறது?

இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், ஃபேஸ்புக் எதை எடுத்தாலும், கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவர்களும் மனநல நிபுணர்களும் கூடிப் பேசி முடிவு செய்த வயது இது என்றுதான் பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. 1998இல் அமெரிக்காவில் குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்காக ஒரு சட்டம் வந்தது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையதளங்கள் திரட்டக்கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டிருப்பது பெரிய வேலை. அதனால் நிறுவனங்கள் 13க்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதியே இல்லை என்று எழுதி வைத்துவிட்டன. அந்தச் சட்டம் வந்தபோது ஃபேஸ்புக்கே பிறக்கவில்லை. லைக் பட்டன் வர இன்னும் 11 வருடம் இருந்தது.

ஆக, பிள்ளையின் மனது தாங்குமா என்ற கேள்விக்கும் இந்த 13க்கும் சம்பந்தம் கிடையாது. ‘அதான் 13 ஆயிடுச்சே, இனிமே பரவாயில்லை’ என்று நிம்மதி அடைய இடமில்லை. சொல்லப்போனால், அந்த வயதை ஒட்டித்தான் மனது மிக எளிதாக அடிபடுகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப்போகிறோம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் 2020இல், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகத்தான் பிள்ளை கைக்குப் போன் வந்தது. வகுப்பு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது, போன் திரும்பவில்லை. 2024ஆம் ஆண்டின் ஏசர் (ASER) என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பு கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டது. 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். இது நகரத்துப் பிரச்சினை, வசதியான வீட்டுப் பிரச்சினை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்த வயதுக்கு என்ன விசேஷம்?

பத்து, பதினொரு வயது வரை ஒரு பிள்ளைக்கு அம்மா அப்பா சொல்வதுதான் வேதவாக்கு. பருவமடையும் காலத்தில் இது மாறுகிறது. கூடப் படிப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், எந்தக் கூட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது, யார் நம்மை ஒதுக்குகிறார்கள் என்பதெல்லாம் திடீரென்று பெரிதாகிவிடும். இது கோளாறு இல்லை. வீட்டுக்கு வெளியே தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்வதற்கு இயற்கை வைத்திருக்கும் வழி இதுதான். ஆனால் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பாராட்டு, பரிசு, பரபரப்பு ஆகியவற்றுக்குத் துள்ளும் உட்பகுதி சீக்கிரமே விழித்துக்கொள்கிறது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் முன்பகுதி முழுசாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதுபோல ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்து, 2016இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை மூளை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரி ஒரு திரையில் படங்களைக் காட்டினார்கள். சில படங்கள் அவர்களே எடுத்துக் கொடுத்தவை. ஒவ்வொரு படத்தின் கீழேயும் எத்தனை லைக் என்ற எண் இருந்தது. அந்த எண்களைப் போட்டது ஆய்வாளர்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. தன் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்த நொடியில், மூளையின் பரிசு மையமான நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. ஒரே படத்தைப் பாதிப் பேருக்கு நிறைய லைக்குடனும் மீதிப் பேருக்குக் குறைந்த லைக்குடனும் காட்டினார்கள். நிறைய லைக்குடன் பார்த்தவர்கள்தான் தாங்களும் அதிகமாக லைக் போட்டார்கள். புகைபிடிப்பது, குடிப்பது போன்ற படங்களிலும் இதே கதைதான். அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது, கட்டுப்பாட்டுக்கான மூளைப் பகுதிகளின் வேலை குறைந்ததையும் பார்த்தார்கள்.

எந்த வயதில் இந்தப் பாதிப்பு அதிகம்? ஏமி ஆர்பன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பிரிட்டனில் வருடக்கணக்கில் சேர்ந்த தரவுகளை வைத்து 2022இல் ஒரு பதில் சொன்னார்கள். சமூக ஊடகத்தில் அதிக நேரம் செலவழித்தவர்களுக்கு அடுத்த வருடம் வாழ்க்கையில் திருப்தி குறைவது பெண் பிள்ளைகளிடம் 11 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகளிடம் 14, 15 வயதிலும் தெரிந்தது. இரு பாலருக்கும் 19 வயதில் மறுபடியும் ஒருமுறை தெரிந்தது. முதலில் சொன்ன அந்த 13ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு மிகவும் நெருக்கடியான வருடங்களில்தான் கதவு திறக்கிறது. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு ஆறாம் வகுப்பிலேயே உள்ளே போகிறவர்களுக்கோ இன்னும் முன்னாலேயே திறந்துவிடுகிறது.

எண்ணிக்கை போட்டுக் காட்டும் நட்பு

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பொங்கலுக்குப் பாவாடை தாவணியில் எடுத்த படத்தைப் போடுகிறாள். போடும் முன் இருபது படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டர் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாள். போட்ட பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். இரண்டு வாய்க்கு ஒருமுறை போனைத் திருப்பிப் பார்க்கிறாள். பதினொரு லைக். நெருங்கிய தோழி ஆன்லைனில் இருக்கிறாள், ஸ்டோரியைப் பார்த்தும் இருக்கிறாள், லைக் போடவில்லை. போன வாரம் வகுப்பில் இன்னொருத்தி போட்ட படத்துக்கு நூறைத் தாண்டியது. அரை மணி நேரத்தில் படத்தை எடுத்துவிடுகிறாள். ‘ஏன்டி முகம் வாடியிருக்கு?’ என்று அம்மா கேட்டால், ‘ஒண்ணுமில்லம்மா’ என்றுதான் பதில் வரும். இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரியாது.

நம் காலத்திலும் யாருக்கு யார் தோழி என்ற போட்டி இருந்தது. யாரோ நம்மை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனார்கள் என்பது திங்கட்கிழமை காதில் விழும், இரண்டு நாள் வலிக்கும், மறந்துபோகும். இப்போது அந்தச் சினிமாத் தியேட்டரிலிருந்தே ஸ்டோரி வருகிறது. யார் யார் இருந்தார்கள் என்று டேக் செய்து வருகிறது. நாம் அதைப் பார்த்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது. ஒதுக்கப்படும் வலி பழையதுதான். அதை நேரலையில், எண்ணிக்கையோடு, எல்லார் முன்னாலும் பார்க்க நேர்வதுதான் இந்தத் தலைமுறைக்குப் புதிதாக வந்திருக்கும் சுமை.

அப்புறம் உடம்பும் நிறமும். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகளை அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த டீன்ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். வேறு பல விஷயங்களில் அது தங்களுக்கு உதவியதாகவும் அதே பெண்கள் சொன்னார்கள் என்பது நிறுவனத்தின் பதில். இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அழகு ஃபில்டர் முகத்தை மெலிதாக்குவதோடு நிற்பதில்லை, நிறத்தையும் வெளுப்பாக்குகிறது. ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்று சொந்தக்காரர்கள் வாயால் கேட்டே வளர்ந்த பிள்ளை, தன் வெளுத்த முகத்தைத் தினமும் திரையில் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கிறது. எனக்கு இதில்தான் மனது அதிகம் பதறுகிறது.

கேட்காமலே வந்து சேர்வது

இந்தச் செயலிகள் எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய நாம் லைக் போட்டிருக்க வேண்டும் என்றில்லை. எந்த வீடியோவில் விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, எதைத் திரும்பப் பார்த்தோம், எதை யாருக்கு அனுப்பினோம் என்பதே போதும். தோழியோடு சண்டை போட்ட 13 வயதுப் பிள்ளை ஒரு சோக ஸ்டேட்டஸ் வீடியோவில் கொஞ்சம் நிற்கிறது. மழை, தனியாக நடக்கும் உருவம், ‘யாரையும் நம்பாதே’ என்று நாலு வரி, பின்னால் ஒரு சோகப் பாட்டு. அடுத்து அதே மாதிரி இன்னொன்று வரும். ஒரு வாரத்தில் திரை முழுக்க அதுவாகவே ஆகிவிடும். அந்தச் சண்டை அதற்குள் சமாதானமாகியிருக்கலாம். ஆனால் திரை அந்தச் சோகத்தை விடாது.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு விசாரணை சாட்சி. மோலி ரஸ்ஸல் என்ற 14 வயதுச் சிறுமி 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. தந்தை வருடக்கணக்கில் போராடி நிறுவனங்களிடமிருந்து தரவுகளைப் பெற்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடைசி ஆறு மாதங்களில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, லைக் போட்ட, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை ஆகியவை பற்றியவை. மனச்சோர்வு சம்பந்தமான படங்களைப் பரிந்துரைத்து, படங்கள் பகிரும் தளமான பின்டெரஸ்ட் அவளுக்கு மின்னஞ்சலே அனுப்பியிருந்தது. விசாரணையில் அந்த நிறுவனத்தின் அதிகாரி, அன்றைக்குத் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவள் மனச்சோர்வோடும் இணையத்தில் பார்த்தவற்றின் தீய விளைவுகளோடும் அவதிப்பட்டுக்கொண்டிருந்த நிலையில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதால் இறந்தாள் என்று 2022 செப்டம்பரில் விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர் பதிவு செய்தார்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை ஏற்கெனவே சோர்ந்திருக்கும்போது திரை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. கண்டுபிடித்து, ஆறுதல் சொல்லாமல், அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. பெற்றோர் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே போதும், பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

தூக்கம்

என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் பிள்ளைக்கு உண்மையிலேயே தூக்கம் வராது. அந்த வராத நேரத்தில் கையில் போன் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்து நின்றுவிடும்.

பிரிட்டனில் 14 வயதுப் பிள்ளைகள் 10,904 பேரை வைத்து நடந்த ஆய்வில், அதிக நேரம் சமூக ஊடகத்தில் இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன. பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. எந்த வழியாக இது நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோது, பெரிய பங்கு கெட்டுப்போன தூக்கத்துக்கும் இணையத்தில் நேர்ந்த சீண்டலுக்கும் இருந்தது. சீண்டல் என்பதில் ஃபேக் ஐடி, பரப்பப்படும் ஸ்க்ரீன்ஷாட், குரூப்பில் வைக்கும் பட்டப்பெயர் எல்லாம் அடக்கம். பகலில் வகுப்பறையில் நடந்தால் மாலை வீட்டுக்கு வந்து தப்பிக்கலாம். போனில் நடப்பது தலையணை வரை வருகிறது.

பிள்ளையால் நிறுத்த முடியவில்லை என்பதற்கு ஒழுக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டில் சோறு தீர்ந்தால் கை கழுவ எழுந்துவிடுகிறோம். இங்கே தட்டு தீர்வதே இல்லை. 2006இல் முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த ஆசா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் என்று ஒன்று உண்டு. இருவரும் தினமும் ஒரு ஸ்னாப் அனுப்பிக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் விடாமல் அனுப்பினார்கள் என்ற எண் ஏறிக்கொண்டே போகும், ஒரு நாள் விட்டால் பூஜ்யமாகிவிடும். தேர்வு நாளிலும் காய்ச்சலிலும் பிள்ளைகள் அதைக் காப்பாற்றப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆய்வுகள் முழுசாக ஒத்துப்போகின்றனவா?

இல்லை. 2019இல் 3,55,358 பிள்ளைகளின் தரவை அலசிய ஒரு ஆய்வில், டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடிய மனநல வேறுபாடு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று வந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகளின் குழுவும் 2023இல், மொத்த மக்கள்தொகையை எடுத்துக்கொண்டால் சமூக ஊடகம்தான் காரணம் என்று முடிவுகட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. அதே வருடம் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிடும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வருவதற்கான வாய்ப்பு இரண்டு மடங்கு என்பதை அதில் எடுத்துச் சொன்னார்.

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். லட்சம் பேரின் சராசரியில், ரீல்ஸ் பார்த்து ஓவியம் கற்றுக்கொண்ட பிள்ளையும் இருக்கிறது, ஊரில் தன்னைப்போல யாருமே இல்லை என்று தவித்து இணையத்தில் துணை கண்ட பிள்ளையும் இருக்கிறது, உடைந்துபோன பிள்ளையும் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் எண் சின்னதாகத்தான் வரும். இன்னொன்று: ஏற்கெனவே மனது சரியில்லாத பிள்ளை போனில் அதிக நேரம் இருக்கவும் கூடும். மேலே சொன்ன ஏமி ஆர்பனின் ஆய்விலேயே, திருப்தி குறைந்தவர்கள் அடுத்த வருடம் சமூக ஊடகத்துக்கு அதிகம் போனதும் தெரிந்தது. எது முதலில் வந்தது என்று அடித்துச் சொல்வது கடினம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தூக்கம் கெட்டால் மனது கெடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

நாடுகள் ஒவ்வொரு வழியில் போகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளைத் தடுப்பது நிறுவனங்களின் கடமை, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது; பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. சட்டம் அதன் வேகத்தில் வரட்டும்.

இன்ஸ்டாகிராமில் டீன் அக்கவுன்ட் என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவிலும் 2025 முதல் வந்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் நம் வீடுகளில் பல பிள்ளைகள் பார்ப்பது அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில். செயலியைப் பொறுத்தவரை திரையின் முன் இருப்பது 40 வயதுப் பெண்மணி. அதனால் இந்தப் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. பிள்ளை பார்க்கத்தான் போகிறது என்றால், சரியான வயதைப் போட்டுத் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

இரவு ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கும் எல்லாப் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லாப் போனும் என்றால் அப்பாவுடையதும்தான். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பார்கள். ஒரு அலாரக் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள். திரை சோகமாகவே மாறிவிட்டது என்றால், அமைப்புகளுக்குள் போய்ப் பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. பிள்ளையோடு உட்கார்ந்து செய்யுங்கள். ‘எவ்வளவு நேரம் பார்த்த?’ என்று கேட்பதைவிட, ‘இப்போ உனக்கு என்னடா கண்ணு வருது, கொஞ்சம் காட்டேன்’ என்று கேட்டால் பேச்சு தொடரும்.

பிள்ளை தானாக வந்து ஏதாவது காட்டினால், யாரோ மிரட்டியதையோ பயமுறுத்தும் ஒரு வீடியோவையோ காட்டினால், அந்த நிமிடத்தில் போனைப் பிடுங்காதீர்கள். ‘சொன்னா போன் போயிடும்’ என்று ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை அடுத்தமுறை சொல்லாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்தக் கணக்கைப் புகார் செய்துவிட்டு ப்ளாக் பண்ணுங்கள். மிரட்டல் என்றால் சைபர் கிரைம் எண் 1930 அல்லது குழந்தைகளுக்கான 1098.

இரண்டு மூன்று வாரமாகச் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் மாறியிருக்கிறது, பிடித்த விளையாட்டுக்குக்கூடப் போகவில்லை, முழுக்கைச் சட்டையை வெயிலிலும் கழற்ற மறுக்கிறது, ‘நான் இல்லைன்னா என்ன’ என்ற பேச்சு வருகிறது என்றால் போனைப் பற்றிய விவாதத்தை ஒதுக்கி வையுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். போன் பழக்கம் கைமீறிப் போனவர்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது ‘இவன் எப்பப் பாத்தாலும் செல்லுதான் டாக்டர்’ என்று தொடங்க வேண்டாம். பிள்ளை முதலில் பேசட்டும்.